தர்மதேவியின் ஆறு மணி

மேல்மாடியிலிருந்து கைதட்டல் கேட்டது.

கீழே சரக்கறையில் புதிதாக வந்த பட்டுப்புடவைக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்த தர்மதேவியின் கை நின்றது. கைதட்டல் ஓய்ந்தது. யாரோ ஏதோ சொன்னார்கள், வார்த்தை பிடிபடவில்லை. பிறகு சிரிப்பு. அந்தச் சிரிப்புதான் அவளுக்குச் சரியாகப் படவில்லை. மனசு விட்டுச் சிரிக்கிறவர்களின் சிரிப்பு வேறு மாதிரி இருக்கும். இது பக்கத்தில் நிற்பவர் முகத்தைப் பார்த்துவிட்டு, நாமும் சிரித்து வைப்போம் என்று சிரிக்கிற சிரிப்பு.

கடை திறப்பதற்கு முன்னால் தினமும் மாடியில் கூட்டம் நடக்கும். வேலை செய்கிற எல்லாரும் போக வேண்டும். இன்றைக்கு மட்டும் ஃப்ளோர் மேனேஜர் ராஜேந்திரன் அவளைப் படியிலேயே மறித்து, "நீ கீழ போய் புது சரக்குக்கு விலைச்சீட்டு கட்டும்மா, மீட்டிங்குக்கு வேணாம்" என்று சொல்லியிருந்தார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

சற்று நேரத்தில் ரேவதி இறங்கி வந்தாள். பட்டுப் பிரிவில் தர்மதேவியோடு நிற்கும் பெண். சட்டையில் பளபளவென்று ஒரு நட்சத்திர பேட்ஜ் குத்தியிருந்தது. அதைக் கையால் மறைத்துக்கொண்டே வந்தாள்.

"மறைக்காதடி. நல்லாத்தான் இருக்கு. எதுக்கு அப்பிடிச் சிரிச்சீங்க?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாததுக்கா கட்டடம் இடியற மாதிரி சிரிச்சீங்க?"

ரேவதியின் கண் கலங்கிவிட்டது. "உங்க போட்டோவ போர்டுல ஒட்டிட்டாங்கக்கா. கீழ, செவப்புக் கட்டத்துல. 'முயற்சி தேவை'ன்னு எழுதி. சின்ன மொதலாளி எல்லாரையும் கைதட்டச் சொன்னாரு. உற்சாகப்படுத்தறோமாம். அப்ப ராஜேந்திரன் சாரு, 'தட்டற சத்தத்துல தர்மா முழிச்சிக்கட்டும்'னாரு. அதுக்குத்தான்..."

"நீயும் சிரிச்சியா?"

ரேவதி பேட்ஜைக் கழற்றிக் கைக்குள் மூடிக்கொண்டாள். அதுவே பதில்.

அந்தக் கடைக்கு அவள் வந்தபோது அது இத்தனை பெரிய கடை இல்லை. தேரடித் தெருவில் ஒரே தளம். தரையில் வெள்ளை மெத்தை விரித்து, சம்மணம் போட்டு உட்கார்ந்து புடவை காட்ட வேண்டும். முதலாளி சாந்திகுமார் நயினார் கல்லாவில் இருப்பார். ஊரில் 'நயினார் கடை' என்றால்தான் தெரியும். கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்து ஜைனக் குடும்பத்துப் பெண், கல்யாணமான புதுசு, கணவன் அப்பாண்டைராஜ் பால் வண்டி ஓட்டுகிறவன் என்று கேட்டறிந்து, தானும் ஜைனர் என்பதால் நம்ம பிள்ளை என்று சேர்த்துக்கொண்டவர் அவர்தான். வேலைக்குப் போட்டோ வேண்டும் என்று சொன்னதும் அப்பாண்டைராஜ் அவளை சைக்கிளில் முன்னால் உட்கார வைத்து ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போனான். "சிரிடி, கடைக்காரங்க பயந்துடப் போறாங்க" என்று அவன் கேமராவுக்குப் பின்னால் நின்று சொன்னதால் வந்த சிரிப்பு அந்தப் போட்டோவில் இருக்கிறது. ஆறு வருஷத்தில் அவனை ஒரு லாரி செங்கம் சாலையில் அடித்துப் போட்டுவிட்டுப் போனது.

அந்தப் போட்டோவைத்தான் பெரிதாக்கிச் சிவப்புக் கட்டத்தில் ஒட்டியிருக்கிறார்கள்.

அவன் போன மறு வருஷம் மகள் சுருதிக்கு டெங்கு. அரசு ஆஸ்பத்திரியில் குழந்தையின் கை சில்லிட்டுக் கிடந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். அன்றைக்கு தர்மதேவி பஸ் பிடித்து ஊருக்கு ஓடி, ஜினாலயத்தில் ஆதிநாதர் முன்னால் விழுந்தாள். 'இவளை எனக்கு விட்டுடு. பொழுது சாய்ந்த பிறகு உயிர் இருக்கிற வரைக்கும் என் வாயில் சோறு படாது' என்று விரதம் எடுத்துக்கொண்டாள். அவர்கள் குடும்பங்களில் இருட்டுவதற்கு முன் சாப்பிடுவது பரம்பரைப் பழக்கம்தான். ஆனால் வேலை, படிப்பு, பஸ் என்று பலர் அதை விட்டுவிட்டார்கள். அவளும் விட்டிருந்தாள். அன்றைக்குப் பிடித்தாள். மகள் பிழைத்தாள். அதற்குப் பிறகு ஒரு நாள், ஒரு வாய், அவள் தவறியதில்லை.

கடையில் அது யாருக்கும் தொந்தரவாகவும் இருந்ததில்லை. ஐந்தரை மணி ஆனதும் சரக்கறைக்குப் போவாள். மேற்கு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பாள். ஜன்னலுக்கு வெளியே மலை. இந்த ஊரில் சூரியன் கொஞ்சம் சீக்கிரமே மலைக்குப் பின்னால் இறங்கிவிடும், அதனால் அவளுக்குக் கடிகாரமே தேவையில்லை. பத்து நிமிஷம். முகம் கழுவிக்கொண்டு வந்தால் இரவு ஒன்பதரை வரைக்கும் அவள் குரல் மணி மாதிரி இருக்கும். அவள் எடுத்துப் போட்ட புடவையை வேண்டாம் என்று எழுந்து போனவர்கள் குறைவு.

நயினாருக்கு நெஞ்சுவலி வந்தது. பெங்களூரில் எம்.பி.ஏ. படித்து, அங்கேயே ஒரு கம்பெனியில் ஆட்களை மேய்க்கிற வேலையில் இருந்த மகன் அஜிதன் வந்து கடையைக் கையில் எடுத்துக்கொண்டான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. வந்ததும் பெண்களுக்கு நாற்காலி வாங்கிப் போட்டான். கழிப்பறையைச் சரி செய்தான். ஆனால் எதையும் ஆளிடம் கேட்க மாட்டான். கம்ப்யூட்டரிடம் கேட்பான்.

கம்ப்யூட்டர் என்ன சொல்லியது? ஐந்தரையிலிருந்து ஏழு வரைக்கும்தான் வியாபாரம் அதிகம், கிராமத்து ஜனங்கள் வேனும் பஸ்ஸும் கிளம்புவதற்குள் எடுத்துக்கொண்டு போகிற நேரம் அது என்று சொல்லியது. அதுவும் உண்மைதான். உடனே உத்தரவு போட்டான். ஐந்தரைக்கு மேல் ஏழரை வரை யாரும் கவுண்டரை விட்டு நகரக் கூடாது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வேறு இடைவேளையும் கிடையாது. அதற்குப் பதிலாக எட்டு மணிக்கு எல்லாருக்கும் கடைச் செலவில் சாப்பாடு. தக்காளி சாதம், சுண்டல். மற்றவர்கள் சந்தோஷப்பட்டார்கள்.

தர்மதேவி முதல் நாளே ராஜேந்திரனிடம் போய் நின்றாள். "சார், நான் பொழுதோட சாப்பிடறவ. உங்களுக்குத் தெரியும்ல. எனக்கு அந்தப் பத்து நிமிஷம் மட்டும் குடுத்துடுங்க."

"ஒருத்தருக்கு விட்டா நாளைக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லுவாங்கம்மா. சின்னவரு இப்பத்தான் வந்திருக்காரு. இரும்மா, நேரம் பார்த்துச் சொல்றேன்."

அந்த நேரம் வரவே இல்லை.

மத்தியானம் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்ட சோறு. அதற்குப் பிறகு மறுநாள் விடியும் வரைக்கும் வெறும் வயிறு. முதல் வாரம் தாங்கினாள். பிறகு ஆறு மணிக்கு மேல் விரல் நடுங்கும். புடவை மடிப்பு கோணும். சரிகையின் பளபளப்பு கண்ணைக் குத்தும். எட்டு மணிக்குக் கொடுக்கிற சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் மகளுக்கு எடுத்துப் போவாள். ராஜேந்திரன் அதையும் பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாரும் சாப்பிடறாங்க, இவ மட்டும் பார்சல் கட்டறா" என்று மேலே சொல்லியும் வைத்தார்.

வயிற்றில் ஒன்றும் இல்லாதவளின் நாக்கில் விஷம் ஊறும். அதற்கு யாரும் விதிவிலக்கில்லை, தர்மதேவியும் இல்லை. ஒரு நாள் கீழ்பென்னாத்தூர் பச்சையம்மாள் வந்தாள். மூத்த மகள் கல்யாணத்துக்கு தர்மதேவி கையால்தான் புடவை எடுத்தாள். இப்போது இளையவளுக்கு. வேன் வைத்துச் சொந்தக்காரர்களோடு வந்து உட்கார்ந்து, வழக்கம்போல் இருபது புடவையைப் பிரிக்கச் சொன்னாள். "அந்த மாம்பழ கலர காட்டேன் தர்மா. இன்னொரு வாட்டி அத விரியேன்" என்று கேட்டதற்கு தர்மதேவி சொன்னாள்: "எடுக்கறதுன்னா எடு. இல்லன்னா எழுந்திரு. எனக்கு வேற வேலை இருக்கு."

சொன்ன வாய் தன்னுடையதுதானா என்று அவளுக்கே புரியவில்லை. பச்சையம்மாள் அவளையே உற்றுப் பார்த்தாள். பிறகு வேன் கூட்டத்தையே எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். தர்மதேவி கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். கவுண்டருக்கு மேலே இருந்த கேமரா நடந்தது எல்லாவற்றையும் பார்த்திருந்தது.

மறுநாள் மாலையே அஜிதன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டான். ஏசி போட்ட அறை. சுவரில் வெள்ளைப் பலகை.

"உக்காருங்கக்கா. விசாரணை எல்லாம் இல்ல. சும்மா பேசலாம்னுதான்" என்றான். பலகையில் ஒரு கோபுரம் மாதிரி முக்கோணம் வரைந்து, குறுக்கே கோடு போட்டு ஐந்தாகப் பிரித்தான். "மனுஷனோட தேவை அஞ்சு படியா இருக்குன்னு ஒரு அமெரிக்கர் சொல்லியிருக்காரு. கீழ இருக்கறது நிறைஞ்சாத்தான் அடுத்த படிக்கு மனசு போகும். எல்லாத்துக்கும் கீழ என்ன? சோறு, தண்ணி, தூக்கம். இது நம்ம கடையில எல்லாருக்கும் இருக்கு. நைட் சாப்பாடே குடுக்கறோம்." பச்சைப் பேனாவால் அடிப்படியில் ஒரு டிக் போட்டான்.

தர்மதேவி அந்தப் பச்சை டிக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே மலையின் விளிம்பு சிவந்து மங்கிக்கொண்டிருந்தது.

"தம்பி, அந்தச் சாயந்தர பிரேக்கு..."

அஜிதன் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினான். "பிரேக் எல்லாருக்கும் ஒண்ணுதாங்கக்கா. அதுல நான் கை வைக்க முடியாது, பாலிசி. அத விடுங்க. வீட்ல ஏதாவது பிரச்சனையா? பொண்ணு சரியா படிக்குதா? உடம்புக்கு ஏதாவது?"

"ஒண்ணுமில்ல தம்பி."

"அப்ப பாதுகாப்பு, டிக். கடையில உங்ககிட்ட எல்லாரும் நல்லாப் பழகறாங்க, அதுவும் டிக். உங்களுக்கு எங்க அடைச்சிருக்குன்னா, நாலாவது படியில. மதிப்பு. இத்தினி வருஷமா வேலை செய்யறோமே, ஒருத்தரும் பாராட்டலையேன்னு உள்ளுக்குள்ள ஒரு ஏக்கம்."

அந்த நேரம் பார்த்து அவள் வயிறு நீளமாக ஒரு சத்தம் போட்டது. அந்த அறையின் அமைதியில் அது அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும். குளிரால் வந்த சத்தம் என்று நினைத்தவன்போல அவன் நாசூக்காக ரிமோட்டை எடுத்து ஏசியைக் குறைத்தான்.

ஒரு வார்த்தை சத்தமாகச் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கலாம். அவள் மகளும் பிற்பாடு அதைத்தான் கேட்டாள். ஒரு முறை வாய் திறந்து, அந்த வாயைக் கையைக் காட்டி மூடவைத்த இடத்தில், இன்னொரு முறை போய் 'எனக்குப் பசிக்குது' என்று சொல்வதற்கு எத்தனை கீழே இறங்க வேண்டும்? அவள் அவனை விட வயசில் மூத்தவள். அவன் அரைக்கால் சட்டை வயசில் கடைக்கு வந்தால் மடியில் உட்கார வைத்துப் புடவை அட்டையில் கப்பல் செய்து கொடுத்தவள். சொல்ல மாட்டேன், போ என்று மனசு இறுகிவிட்டது.

அவன் விடவில்லை. படித்ததை ஒவ்வொன்றாக அவள்மேல் செய்து பார்த்தான். அவள் ஒரு பட்டுப்புடவை விற்றால் கவுண்டரில் மணி அடிக்க வேண்டும் என்றான். மணி அடித்தபோதெல்லாம் அவளுக்குத் தலை விண்விண் என்று தெறித்தது. பிறகு இலக்கு வைத்தான். இலக்கை எட்டினால் மகளோடு ஏற்காடு போய் வரலாம் என்றான். அவள் எட்டவில்லை. எல்லா மருந்தும் கொடுத்தாயிற்று, இனி கசப்பு மருந்துதான் என்று கடைசியாகப் போட்டோவை ஒட்டினான்.

அதுவும் எங்கே? மாடிப்படி திரும்புகிற இடத்தில், வருகிற போகிற வாடிக்கையாளர் அத்தனை பேரும் பார்க்கிற சுவரில்.

தர்மதேவி ரேவதியைத் தள்ளிக்கொண்டு படியேறினாள். கூட்டம் அப்போதுதான் கலைந்துகொண்டிருந்தது. அஜிதன் பலகைக்குப் பக்கத்தில் நின்று போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். மேலே நட்சத்திரக் கட்டத்தில் ரேவதி. கீழே சிவப்புக் கட்டத்தில், அப்பாண்டைராஜுக்காகச் சிரித்த அந்தச் சிரிப்பு.

"இது யாரு தம்பி?"

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. தண்டனை கெடையாது இது. மோட்டிவேஷன். அடுத்த மாசமே நீங்க மேல வந்துடணும்னுதான்."

"அது கேக்கல. இந்தப் படத்துல இருக்கறது யாருன்னு கேட்டேன்."

அவன் போனைக் கீழே இறக்கினான். ராஜேந்திரன் நடுவில் புகுந்தார். "தர்மா, கீழ போ. கஸ்டமர் வர்ற நேரம்."

"வரட்டும் சார். அவங்க பாக்கறதுக்குத்தான இங்க ஒட்டியிருக்கீங்க. நான் முழிச்சிக்கிட்டேன், நல்லாப் பாத்துக்கோங்க." அவள் குரல் உயரவில்லை. "கழட்டுங்க தம்பி."

"ஒரு மாசம் இருக்கணும்கா. பாலிசி அப்பிடி. ஒருத்தருக்காக மாத்தினா சிஸ்டமே போயிடும்."

"அப்ப அது இருக்கட்டும். நான் இல்ல."

கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி ராஜேந்திரனின் சட்டைப் பையில் செருகினாள். வருஷக்கணக்காக ஏறி இறங்கிய படியில் கைப்பிடியைத் தொடாமல் இறங்கிப் போனாள்.

தேரடித் தெருவில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. "ஆசிரமமா மேடம், ஏறுங்க" என்று ஆட்டோக்காரன் ஒருவன், அவளை வெளியூர்க்காரி என்று நினைத்து, வண்டியை ஓரங்கட்டினான். அவள் பார்த்த பார்வையில் அவன் தானாகவே நகர்ந்தான். கால் விறுவிறு என்று நடந்தது. மனசு மட்டும் பின்னால் நின்று கேட்டது: வீட்டு வாடகைக்கு என்ன செய்வாய்? சுருதியின் பி.எட். படிப்புக்கு? அந்த ஒரு சம்பளம்தான் அந்த வீட்டின் உத்திரம். அதை நீயே உருவிப் போட்டுவிட்டு வருகிறாயே?

சுருதி அன்று சாயங்காலம் அதையே வாய்விட்டுக் கேட்டாள்.

"நேரா போய்ச் சொல்லியிருக்கலாம்லம்மா? 'ராத்திரி சாப்பிட மாட்டேன், எனக்கு முன்னாடியே வேணும்'னு? அவரு என்ன பேயா?"

"சொன்னேன்டி."

"ராஜேந்திரன் சார்கிட்ட சொன்ன. அவர்கிட்ட சொன்னியா? உனக்குக் கோவம். கோவத்துக்கு என் படிப்பா கெடைச்சுது?"

"உனக்காக எடுத்த விரதம்டி அது."

"நான் கேட்டனா?"

தர்மதேவியின் கை ஓங்கிவிட்டது. அடிக்கவில்லை. ஓங்கிய கையோடு அப்படியே நின்றாள். சுருதி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அன்று இரவு இருவரும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிப் படுத்தார்கள். ஆனால் காலையில் எழுந்தபோது மகளின் கால் அவள்மேல் கிடந்தது, சின்ன வயசில் கிடக்குமே அது மாதிரி.

தர்மதேவி முடிவு ஒன்று எடுத்திருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. இருபத்து நாலு வருஷப் பாசத்தை ஒரே நாளில் அறுத்தெறிய யாரால் முடியும்? அந்தப் பையன் தானாக உணர்ந்து, தானாக வந்து, செய்தது தப்பு என்று சொன்னால் திரும்பிப் போவாள். சொல்லாவிட்டால் பட்டினி கிடந்தாலும் போக மாட்டாள். அதற்கிடையில் கையைக் கட்டிக்கொண்டும் உட்காரவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சின்ன ஜவுளிக்கடையில் போய்க் கேட்டும் வைத்தாள்.

சில நாள் கழித்து, சாயங்காலம். அவலூர்பேட்டை சாலையை ஒட்டிய சந்தில் அவர்கள் குடியிருக்கிற ஒற்றை அறை. சுருதி டியூஷன் எடுக்கப் போயிருந்தாள். தர்மதேவி தட்டில் சோறும் அவரைக்காய்க் கூட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது கதவு தட்டப்பட்டது. அஜிதன். கையில் ஸ்வீட் பெட்டி.

வந்தவர் எதிரில் சாப்பிடுவது முறையில்லை. தட்டை மூடி ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தாள். "வாங்க தம்பி." பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

அவன் உட்கார்ந்தான். ஸ்வீட் பெட்டியை நீட்டினான். மூடி வைத்த தட்டு அவன் காலடியில்தான் இருந்தது. அவன் பார்க்கவில்லை.

"ரேவதி எல்லாம் சொன்னாங்கக்கா. நீங்க ராத்திரி சாப்பிட மாட்டீங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாது. என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்ல வந்தேன். நீங்க கையத் தூக்கினீங்க."

"எப்ப?"

"பச்சைப் பேனாவ வச்சிக்கிட்டு நின்னீங்களே, அப்ப."

அவன் முகம் சிவந்தது. ஆனால் சட்டென்று சமாளித்துக்கொண்டான். "சரி, கம்யூனிகேஷன் கேப். ரெண்டு பக்கமும்தான். இப்ப நான் ஒரு தீர்வோட வந்திருக்கேன். உங்களுக்கு மட்டும் ஸ்பெஷல் பர்மிஷன். அஞ்சரைக்குப் பத்து நிமிஷம்."

"என்கிட்ட இருந்து எடுத்தத எனக்கே திருப்பிக் குடுக்கறதுக்குப் பேரு ஸ்பெஷலா தம்பி?"

"அப்பிடி இல்லக்கா. போட்டோவும் கழட்டியாச்சு."

"எப்ப கழட்டினீங்க?"

"நேத்து. கடை மூடின அப்புறம்."

"ஒட்டும்போது அத்தினி பேரையும் நிக்க வச்சிக் கைதட்டச் சொன்னீங்க. கழட்டும்போது யாரும் வேணாமா?"

ஜன்னலில் வெளிச்சம் மஞ்சளிலிருந்து செம்மஞ்சளுக்கு மாறியது. மலைக்கு மேலே சூரியன் இன்னும் ஒரு கை உயரம் இருந்தது. தர்மதேவியின் கண் அங்கே போய்ப் போய் வந்தது. அவன் தன் பேச்சிலேயே இருந்தான்.

"அதுக்கும் ஒரு வழி யோசிச்சிருக்கேன். நாளைக்கு மீட்டிங்ல நீங்களே பேசுங்க. 'என் கஷ்டத்த நான் வெளிய சொல்லாம விட்டது தப்பு, மேனேஜ்மெண்ட் புரிஞ்சிக்கிட்டாங்க'னு ரெண்டு வார்த்தை. எல்லாருக்கும் அது ஒரு பாடமா இருக்கும். உங்களுக்கும் மரியாதை."

"உங்க வீட்ல ராத்திரி அடுப்பு எரியுதா தம்பி?"

அவனுக்குப் புரியவில்லை. "இல்ல... அம்மா ஆறு மணிக்கே சமையல்கட்ட மூடிடுவாங்க. அவங்களுக்கு அது பழக்கம். நான் வெளிய சாப்பிட்டுக்குவேன்."

"அப்ப தெரியாதுன்னு சொல்லாதீங்க. தெரியும். நம்ம சனத்துல அது இருக்குன்னு பொறந்ததுல இருந்து தெரியும்."

"அது அம்மாவுக்குக்கா. வேலைக்கு வர்றவங்க இன்னும் இதெல்லாம்..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான்.

"முடிங்க. வேலைக்கு வர்றவங்களுக்கு எதுக்கு விரதம், அதான? அம்மா வயித்துல ஒண்ணும் இல்லன்னா விரதம். தர்மா வயித்துல ஒண்ணும் இல்லன்னா சோம்பேறித்தனம்." இத்தனை நாள் அடக்கி வைத்தது இனி அடங்குவதாக இல்லை. "என் புருஷன் எடுக்க வச்ச படம் தம்பி அது. அவன் போட்டோ எங்க வீட்ல மாட்டியிருக்கு, பாருங்க. மாலை போட்டு. என் போட்டோவுக்கு நீங்க செவப்புக் கோடு போட்டீங்க. பசியில நின்னவளப் பாத்து நாப்பது பேர சிரிக்க வச்சீங்க. நான் பச்சையம்மாளக் கடிச்சுப் பேசினது தப்பு. அது என் தப்பு. அதுக்கு நான் அவங்க கால்ல விழறேன். ஆனா உங்க தப்புக்கு நான் எதுக்கு மீட்டிங்ல பேசணும்?"

அஜிதன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும் அவளுக்கு அட்டைக் கப்பல் கேட்டு நின்ற சிறு பையன் கண்ணுக்குள் வந்தான். மனசு இளகப் பார்த்தது. இந்த நிமிஷம் அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைக்கே போய் நிற்பாள். அதற்கு முன் ஒன்றே ஒன்று தெரிய வேண்டும்.

"ஒண்ணு கேக்கறேன், நெஜத்தச் சொல்லுங்க. நீங்களா வந்தீங்களா, நயினார் அனுப்பினாரா?"

அவன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அப்பாதான்... கீழ்பென்னாத்தூர்ல இருந்து ஒரு அம்மா அப்பாவுக்குப் போன் பண்ணியிருக்காங்க. 'அந்தப் பொண்ணு அப்பிடிப் பேசறவ இல்ல, உடம்புக்கு ஏதோ, என்னான்னு பாருங்க'ன்னு. நீங்க இருந்தாத்தான் புடவை எடுக்க மறுபடி வருவாங்களாம். அப்பா என்னைச் சத்தம் போட்டாரு. இன்னைக்கே போய்க் கூட்டிட்டு வாடான்னாரு."

திட்டு வாங்கிய பச்சையம்மாளுக்குத் தோன்றியது இவனுக்குத் தோன்றவில்லை. தர்மதேவிக்கு அழுகை வரும் போலிருந்தது. அது வருவதற்குள் கோபம் முந்திக்கொண்டது.

"அப்ப நீங்க வரல. அவரு வந்திருக்காரு உங்க கால வச்சி."

"அக்கா..."

"நான் வரல தம்பி. பஸ் ஸ்டாண்டு கிட்ட ஒரு கடையில பேசிட்டேன். சம்பளம் கம்மிதான். 'எத்தினி மணிக்கு சாப்பிடுவீங்க'ன்னு அவங்களே கேட்டாங்க. அஞ்சரைன்னேன். சரின்னாங்க. அவ்வளவுதான், அதுக்கு ஒரு பலகையும் தேவைப்படல."

"அப்பாகிட்ட நான் என்ன சொல்றது?"

"நடந்தத சொல்லுங்க. பச்சையம்மாளுக்கு நானே போன் பண்ணிக்கறேன்." ஸ்வீட் பெட்டியை எடுத்து அவன் மடியில் வைத்தாள். "இப்ப எழுந்திரிங்க. பொழுது போகுது. நான் சாப்பிடணும்."

அப்போதுதான் அவன் தன் காலடியில் மூடி வைத்த தட்டைப் பார்த்தான். பிறகு ஜன்னலைப் பார்த்தான். மலை விளிம்பில் சூரியன் பாதி இறங்கியிருந்தது. நெருப்பை மிதித்தவன் மாதிரி எழுந்தான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அதை எடுத்து நிறுத்தவும் தெரியாமல், விடவும் தெரியாமல் தடுமாறினான். வாசலில் ஷூவுக்குள் கால் நுழையவில்லை. நாடாவைக் கட்டாமலே நின்று திரும்பினான்.

"சாரிக்கா" என்றான். யாரும் சொல்லித் தராமல் வந்த வார்த்தை அது. குரல் உடைந்திருந்தது.

அவளுக்குக் கேட்டது. கோபம் நெஞ்சில் அப்படியே எரிந்துகொண்டிருந்தது. அந்த ஒரு சொல்லில் அணைகிற நெருப்பாக அது இல்லை.

"போயிட்டு வாங்க தம்பி" என்றாள். அவன் படியிறங்குவதற்கு அவள் காத்திருக்கவில்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.